கேம்பிரிட்ஜ் மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தின் நுண்ணோக்கிகள்

கேம்பிரிட்ஜ் மூலக்கூற்று உயிரியல் ஆய்வகம் என்பது ஐக்கிய இராச்சியத்தின் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தால் நடத்தப்படும் ஓர் ஆய்வு நிறுவனம் ஆகும். புரதங்கள், ரைபோசோம்கள், தீநுண்மங்கள் முதலியவற்றை அணுக்களின் அளவில் காண உதவும் உயர்திறன் நுண்ணோக்கிகளுக்காக இது உலக அளவில் அறியப்படுகிறது. இங்குள்ள கருவிகளில் முதன்மையானவை கடுங்குளிர் எதிர்மின்னி நுண்ணோக்கிகள் ஆகும். இவற்றைக் கிரையோ நுண்ணோக்கிகள் என்றும் சுருக்கமாக அழைப்பர். இவை தவிர கன்போக்கல் நுண்ணோக்கி உள்ளிட்ட பல்வேறு ஒளி நுண்ணோக்கிகளும் இங்கு பயன்பாட்டில் உள்ளன.

பெரும்பாலான ஆய்வு நிறுவனங்கள் நுண்ணோக்கிகளை விலை கொடுத்து வாங்கிப் பயன்படுத்துகின்றன. இந்த ஆய்வகமோ அவற்றின் முக்கிய உறுப்புகளையும் முறைகளையும் தானே உருவாக்கியும் வந்துள்ளது. உயிரியல் வினாவைக் கொண்டவரும், கருவியை மாற்றி அமைக்கத் தெரிந்தவரும் ஒரே கட்டடத்தில், பல வேளைகளில் ஒரே ஆளாகவே, இருந்தது இதற்குக் காரணம் எனலாம்.

பின்னணி

1947-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் பெரூட்சும் ஜான் கெண்ட்ரூவும் தொடங்கிய ஒரு சிறு ஆய்வுப் பிரிவே இந்நிறுவனத்தின் தொடக்கம். 1962-இல் இது தனிக் கட்டடத்திற்கு இடம் பெயர்ந்து இன்றைய பெயரைப் பெற்றது. 2013-இல் 21 கோடியே 20 இலட்சம் பவுண்டு செலவில் கட்டப்பட்ட புதிய கட்டடத்தை இரண்டாம் எலிசபெத் அரசியார் திறந்து வைத்தார். காற்றோட்ட எந்திரங்களும் கொதிகலன்களும் போன்ற கனத்த பொறிகளில் பல ஆய்வுக்கூடத்திற்குள் வைக்கப்படாமல் தனியாக ஓர் ஆற்றல் நிலையத்தில் வைக்கப்பட்டுள்ளன. அதிர்வுகளைக் குறைப்பது இதன் நோக்கங்களுள் ஒன்று. ஓர் அணுவின் அகலத்தை விடக் குறைவாக அசைந்தாலும் படம் மங்கிவிடும் கருவிகளுக்கு இது தேவையான ஏற்பாடே.

தொடக்கத்தில் ஆய்வகத்தின் புகழ் எக்ஸ்-கதிர்ப் படிகவியலால் வந்தது. எனினும் எதிர்மின்னி நுண்ணோக்கியும் முதலிலிருந்தே இங்கு இருந்து வந்துள்ளது. தசை இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் தசை சுருங்குகிறது என்று 1954-இல் ஜீன் ஹான்சனுடன் முன்மொழிந்த ஹியூ ஹக்ஸ்லி இங்கு பணியாற்றினார். ஆரன் குளூகும் டேவிட் டெரோசியரும் 1968-இல், ஒரு பொருளின் தட்டையான எதிர்மின்னிப் படங்களைக் கணித முறையில் இணைத்து அதன் முப்பரிமாண வடிவத்தைப் பெறலாம் என்று காட்டினர். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள், பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு தீநுண்மத்தின் வால். குளூகிற்கு 1982-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பார்ப்பதால் ஏற்படும் சிதைவு

ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் நெருக்கமான இரு புள்ளிகளைப் பிரித்துக் காண இயலாது. ஒளியின் அலைநீளமே இதற்குக் காரணம். 300 கிலோவோல்ட் மின்னழுத்தத்தால் முடுக்கப்பட்ட எதிர்மின்னியின் அலைநீளம் சுமார் 0.02 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே. (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரில் 1000 கோடியில் ஒரு பங்கு. கார்பன் அணுக்கள் இரண்டு பிணைந்திருக்கும் தொலைவு சுமார் 1.5 ஆங்ஸ்ட்ராம்.) எனவே அலைநீளத்தை மட்டும் கருதினால், அணுக்களைக் காண்பதில் எதிர்மின்னிக்குத் தடை ஏதும் இல்லை.

உலோகம், மணிக்கல் போன்றவற்றை ஆராய்வோருக்கு இது பெரும்பாலும் உண்மை. உயிர்ப் பொருள்களில் நிலைமை வேறு. புரதத்தின் வழியே செல்லும் எதிர்மின்னிகளுள் சில, ஆற்றலை இழக்காமல் சிதறிப் படத்திற்குப் பயன்படும் செய்தியைக் கொண்டு வருகின்றன. அவ்வாறு பயன்படும் ஒவ்வோர் எதிர்மின்னிக்கும் சுமார் மூன்று எதிர்மின்னிகள் தம் ஆற்றலில் ஒரு பகுதியைப் புரதத்திலேயே விட்டுச் செல்கின்றன. அந்த ஆற்றல் வேதிப் பிணைப்புகளை அறுக்கிறது. பார்க்கப் பார்க்கப் பொருள் அழிகிறது. பொருள் அழியாதிருக்க எதிர்மின்னிகளைக் குறைத்தால், படத்தில் இரைச்சலைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை.

எக்ஸ்-கதிர்களோடு ஒப்பிட்டால் எதிர்மின்னி உண்மையில் மென்மையானது. பயன்படும் ஒவ்வொரு சிதறலுக்கும் அது விட்டுச் செல்லும் ஆற்றல் எக்ஸ்-கதிர் விட்டுச் செல்வதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே என்று ரிச்சர்ட் ஹெண்டர்சன் 1995-இல் கணக்கிட்டுக் காட்டினார். எக்ஸ்-கதிர் முறையில், கோடிக்கணக்கான மூலக்கூறுகள் அடுக்கப்பட்ட ஒரு படிகம் அச்சிதைவைப் பகிர்ந்து கொள்கிறது. படிகமாகாத மூலக்கூறுகளுக்கு அந்த வழி இல்லை. கீழே விவரிக்கப்படும் கருவிகள் அனைத்தையும் இந்த ஒரு சிக்கலுக்கான விடைகளாகவே புரிந்து கொள்ளலாம்: குறிப்பிட்ட அளவு சிதைவுக்கு ஈடாக எவ்வளவு கூடுதலான செய்தியைப் பெற முடியும்?

ஊதாச் சவ்வு, 1975

ஹெண்டர்சன் எக்ஸ்-கதிர்ப் படிகவியலில் பயிற்சி பெற்றவர். நைஜல் அன்வின் உலோகவியல் பயின்று நுண்ணோக்கிக்கு வந்தவர். அன்வினின் கைவினைத் திறனுக்கு ஒரு சான்று, மாறுபாட்டைக் கூட்டுவதற்காகச் சிலந்தி நூலின் மீது உலோகம் பூசி அதை அவர் நுண்ணோக்கியின் கற்றைப் பாதையில் பொருத்தியமை. இவ்விருவரும் உப்பு மிகுந்த நீரில் வாழும் ஒரு நுண்ணுயிரின் ஊதாநிறச் சவ்வை ஆராய்ந்தனர். அதிலுள்ள பாக்டீரியோரோடாப்சின் என்னும் புரதம் சவ்வுக்குள்ளேயே இயற்கையாக ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளது.

அக்காலத்தில் உயிரியல் மாதிரிகளை யுரேனியம் போன்ற கனத்த உலோக உப்புகளில் தோய்ப்பது வழக்கம். அப்போது படத்தில் தெரிவது உலோகப் பூச்சின் வடிவமே, புரதம் அன்று. ஹெண்டர்சனும் அன்வினும் உலோகத்தைத் தவிர்த்து, வெற்றிடத்தில் சவ்வு உலர்ந்து போகாதவாறு அதைக் குளுக்கோசுக் கரைசலில் வைத்தனர். ஒரு சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு ஓர் எதிர்மின்னிக்கும் குறைவாகவே செலுத்தினர். எடுத்த படங்கள் கண்ணுக்கு வெறுமையாகவே தோன்றின. ஆனால் ஆயிரக்கணக்கான ஒரே மாதிரியான மூலக்கூறுகளின் செய்தி அவற்றில் பரவியிருந்தது. அதைக் கணிப்பியால் சராசரி எடுத்தபோது, சவ்வைக் குறுக்கே கடக்கும் ஏழு சுருள்கள் 7 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் தெரிந்தன. ஒரு சவ்வுப் புரதத்தின் உள்ளமைப்பு இவ்வாறு காணப்பட்டது அதுவே முதன்முறை.

7 ஆங்ஸ்ட்ராமிலிருந்து அணுக்களை இனங்காணும் அளவுக்கு, அதாவது 3.5 ஆங்ஸ்ட்ராமுக்கு, வருவதற்கு மேலும் 15 ஆண்டுகள் பிடித்தன. அதற்குத் தேவையான குளிர்நிலை நுண்ணோக்கிகளைத் தேடி ஹெண்டர்சன் பெர்லினுக்கும் கலிபோர்னியாவின் பெர்க்லிக்கும் செல்ல வேண்டியிருந்தது. முடிவு 1990-இல் வெளியானது.

கண்ணாடி போன்ற பனி

நுண்ணோக்கியின் உட்புறம் வெற்றிடம் ஆதலால் திரவ நீர் அதில் ஆவியாகி விடும். நீரை உறைய வைத்தால் பனிப் படிகங்கள் தோன்றி மாதிரியைச் சிதைக்கும். செருமனியின் ஐடெல்பெர்க்கில் உள்ள ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தில் ஜாக் துபோசேயும் அவருடைய குழுவினரும் 1980களின் தொடக்கத்தில் இதற்குத் தீர்வு கண்டனர். மிக மெல்லிய நீர்ப்படலத்தை மிக விரைவாகக் குளிர்வித்தால், மூலக்கூறுகள் படிகமாக அடுக்கிக்கொள்ள நேரமின்றிக் கண்ணாடியைப் போல் ஒழுங்கற்ற நிலையிலேயே உறைந்து விடுகின்றன.

செய்முறை வருமாறு. சுமார் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டமான உலோக வலையின் மீது நுண்துளைகள் கொண்ட மெல்லிய தகடு ஒட்டப்பட்டிருக்கும். அதன்மேல் சில மைக்ரோலிட்டர் புரதக் கரைசல் விடப்படுகிறது. மிகுதி நீரை வடிதாளால் ஒற்றியெடுத்த உடனே வலை திரவ ஈத்தேனுக்குள் பாய்ச்சப்படுகிறது. திரவ நைட்ரசன் இன்னும் குளிர்ந்தது (-196 °செ) என்றாலும், மாதிரி பட்டவுடன் அது கொதித்து ஆவிப்படலத்தை உண்டாக்குவதால் குளிர்விப்பு மெதுவாகி விடும். எனவே ஈத்தேன் பயன்படுகிறது. நைட்ரசன் அந்த ஈத்தேனைக் குளிர்விக்க உதவுகிறது. இதன் பின்னர் மாதிரி சுமார் -140 °செ-க்கு மேல் ஒருபோதும் வெப்பமடையக் கூடாது. வெப்பமடைந்தால் பனி படிகமாகி விடும். கடுங்குளிரால் மற்றொரு பயனும் உண்டு. அறை வெப்பநிலையில் ஏற்படும் சிதைவோடு ஒப்பிட்டால், இங்கு அதே அளவு சிதைவு ஏற்படப் பல மடங்கு எதிர்மின்னிகள் தேவைப்படுகின்றன.

எளிமையாகத் தோன்றும் இந்தக் கட்டத்தில்தான் ஆய்வு மாணவர்களின் பெரும்பாலான மாதங்கள் கழிகின்றன என்று கூறலாம். பனி தடித்தால் புரதம் தெரியாது. மிக மெலிந்தால் புரதம் நீர்ப்பரப்பில் ஒட்டிக்கொண்டு குலைந்து விடும். இதற்கான எளிய பாய்ச்சு கருவிகள் ஆய்வகத்தின் சொந்தப் பட்டறையிலேயே செய்யப்பட்டன.

எதிர்மின்னிக் கற்றை படும்போது பனிப்படலம் மத்தளத் தோலைப் போல் வளைந்து அசைவது மற்றொரு தொல்லை. கார்பன் தகட்டுக்கு மாற்றாக முழுவதும் பொன்னால் ஆன வலையைப் பயன்படுத்தினால் இந்த அசைவு பெருமளவு குறைவதை கிறிஸ்டோபர் ரூசோவும் லோரி பாஸ்மோரும் 2014-இல் காட்டினர். 2020-இல் ரூசோவின் குழு, துளைகளின் விட்டத்தை 300 நானோமீட்டருக்கும் குறைத்து, அசைவை ஓர் ஆங்ஸ்ட்ராமுக்கும் கீழே கொண்டு வந்தது. நுண்ணோக்கியை மாற்றாமல் வலையை மட்டும் மாற்றிப் பெற்ற முன்னேற்றம் இது.

கருவியின் அமைப்பு

ஆய்வகத்தின் உயர்நிலைக் கருவி, தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தின் (முன்னர் எஃப்.இ.ஐ.) டைட்டன் கிரியோஸ் வகையைச் சார்ந்தது. ஓர் ஆளை விட உயரமான, பெட்டியால் மூடப்பட்ட இக்கருவியின் உச்சியில் எதிர்மின்னித் துமுக்கி உள்ளது. அங்கிருந்து 300 கிலோவோல்ட்டில் முடுக்கப்படும் எதிர்மின்னிகள், ஒளியின் வேகத்தில் முக்கால் பங்குக்கும் சற்று மேலான வேகத்தில் கீழ்நோக்கிச் செல்கின்றன. கண்ணாடி வில்லைகளின் இடத்தில் மின்காந்தச் சுருணைகள் உள்ளன. மாதிரியைத் தாண்டியதும், ஆற்றலை இழந்த எதிர்மின்னிகளை ஒரு வடிகட்டி பிரித்து நீக்குகிறது. எஞ்சியவை அடியில் உள்ள உணர்கருவியை அடைகின்றன.

ஒரே முறையில் 12 வலைகள் வரை கருவிக்குள் ஏற்றப்படுகின்றன. அதன்பின் ஆள் அருகில் இருக்க வேண்டுவதில்லை. மனிதரின் உடல் வெப்பமும் பேச்சொலியும் கூடப் படத்தைப் பாதிக்கக் கூடும் என்பதால் அறையில் ஆள் இல்லாதிருப்பதே நல்லது. கணிப்பி இரவும் பகலும் தானே துளைக்குத் துளை நகர்ந்து ஆயிரக்கணக்கான படங்களை எடுக்கிறது.

உணர்கருவியும் கணிப்பி நிரலும்

நீண்ட காலம் எதிர்மின்னிப் படங்கள் ஒளிப்படச் சுருளிலேயே பதிவு செய்யப்பட்டன. பின்னர் வந்த மின்னணுப் படக்கருவிகள் எதிர்மின்னியை நேரடியாக உணரவில்லை. அவை அதை முதலில் ஒளியாக மாற்றி, பிறகு அவ்வொளியைப் பதிந்தன. இந்த மாற்றத்தில் கூர்மை குறைந்தது. வசதி இருந்தும் கூர்மைக்காகச் சுருளையே பலர் விரும்பினர்.

ஹெண்டர்சன், வாசி ஃபரூக்கி, கிரெக் மக்முல்லன் ஆகியோர் ரதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வுக்கூடத்தின் சில்லு வடிவமைப்பாளர்களோடு இணைந்து, எதிர்மின்னி நேரடியாகச் சிலிக்கான் சில்லின் மீது விழுந்து பதியும் உணர்கருவியை உருவாக்க முனைந்தனர். அதிவேக எதிர்மின்னிகளின் தாக்குதலைத் தாங்கும் சில்லைச் செய்வதே முதல் தடை. சில்லின் அடிப்பகுதியில் பட்டு மீண்டும் மேலெழும் எதிர்மின்னிகள் படத்தைக் கலைப்பது இரண்டாவது. சில்லின் பின்புறத்தைத் தேய்த்து மெலிதாக்கியதன் மூலம் இரண்டாவது தீர்ந்தது. இவ்வடிவமைப்பு ஃபால்கன் என்னும் பெயரில் வணிகத்திற்கு வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவிலும் இத்தகைய உணர்கருவிகள் உருவாயின.

புதிய உணர்கருவி ஒரு படத்திற்குப் பதிலாக, நொடிக்குப் பல சட்டங்கள் கொண்ட திரைப்படத்தையே தருகிறது. எனவே கற்றையால் மாதிரி அசைந்தாலும், ஒவ்வொரு சட்டத்தையும் பின்னோக்கி நகர்த்தி அசைவைத் திருத்த முடிகிறது.

இவ்வாறு கிடைக்கும் படங்களில் பல இலட்சம் மூலக்கூறுகள் பல்வேறு கோணங்களில் திரும்பியிருக்கும். எது எப்பக்கம் பார்க்கிறது என்று கண்டறிந்து சேர்ப்பது கணிப்பியின் வேலை. ஷோர்ஸ் ஷெரெஸ் 2012-இல் வெளியிட்ட ரிலையான் என்னும் நிரல் இதைப் புள்ளியியல் அடிப்படையில் செய்கிறது. இதற்கு முன், எது செய்தி, எது இரைச்சல் என்பதைப் பயன்படுத்துவோர் தம் அனுபவத்தைக் கொண்டு முடிவு செய்ய வேண்டியிருந்தது. தாம் எதிர்பார்த்த வடிவத்தையே இரைச்சலில் கண்டுவிடும் இடர் அதில் இருந்தது. ரிலையான் அம்முடிவைப் பெரும்பாலும் தரவிடமே விடுகிறது. இது கட்டற்ற மென்பொருளாக வழங்கப்படுவதால் உலகெங்கும் பயன்படுகிறது.

2013, 2014 ஆம் ஆண்டுகளில் உணர்கருவியும் நிரலும் ஒன்று சேர்ந்தபோது ஏற்பட்ட மாற்றம் விரைவானது. சிதம்பரத்தில் 1952-இல் பிறந்தவரும், ரைபோசோமின் அமைப்பை எக்ஸ்-கதிர்ப் படிகவியலால் கண்டறிந்தமைக்காக 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டவருமான வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழுவும் படிகங்களை விட்டு இம்முறைக்கு மாறியது. ஈஸ்ட்டின் இழைமணிகளில் உள்ள ரைபோசோமின் பெரிய துணையலகை அக்குழு 2014-இல் 3.2 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் வெளியிட்டது. போதிய அளவு கிடைப்பதே அரிதான இப்பொருளைப் படிகமாக்குவது மிகக் கடினம். இம்முறைக்கோ அது தேவைப்படவில்லை. 2017-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு ஹெண்டர்சன், துபோசே, அமெரிக்காவில் பணியாற்றிய ஜோகிம் ஃபிராங்க் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது.

2020-இல் ஆய்வகத்தினரும் தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தினரும் இணைந்து, மேம்பட்ட துமுக்கியும் வடிகட்டியும் உணர்கருவியும் கொண்ட கிரியோஸில், இரும்பைச் சேமிக்கும் புரதமான அப்போஃபெரிட்டினை 1.22 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் கண்டனர். அப்படத்தில் தனித்தனி அணுக்கள் தெரிந்தன. ஹைட்ரசன் அணுக்களில் பலவும் தெரிந்தன.

டௌ இழைகள்

அல்சைமர் நோயில் மூளையின் நரம்பணுக்களுக்குள் இழைகள் சேர்கின்றன. இவ்விழைகள் டௌ என்னும் புரதத்தால் ஆனவை என்பதை நிறுவியதில் 1988-இல் இந்த ஆய்வகத்தின் மைக்கேல் கெடெர்ட், ஆரன் குளூக் ஆகியோருக்கும் அவர்களுடன் பணியாற்றியோருக்கும் முக்கியப் பங்குண்டு. இழை இரட்டைப் புரியாக முறுக்கப்பட்டுள்ளது என்பதை அக்கால நுண்ணோக்கிகளே காட்டின. புரதச் சங்கிலி அதனுள் எப்படி மடிந்துள்ளது என்பதை அவற்றால் காட்ட இயலவில்லை. இழைகள் படிகமாவதில்லை ஆதலால் எக்ஸ்-கதிர் முறைக்கும் வழியில்லை.

2017-இல் கெடெர்ட், ஷெரெஸ் ஆகியோரின் குழுக்கள், அல்சைமர் நோயால் இறந்த ஒருவரின் மூளையிலிருந்து பிரித்தெடுத்த இழைகளின் அமைப்பை 3.4 ஆங்ஸ்ட்ராம் அளவில் வெளியிட்டன. ஒவ்வோர் இழையிலும் ஆங்கில எழுத்தான சி-யின் வடிவில் மடிந்த இரு சரடுகள் அடுத்தடுத்து உள்ளன. சங்கிலி முழுவதும் அல்லாமல் அதன் ஒரு பகுதி மட்டுமே இந்த மடிப்பில் பங்கு கொள்கிறது. எஞ்சிய பகுதி ஒழுங்கற்ற மேலாடை போல் வெளியே நிற்கிறது.

அதன் பின்னரே எதிர்பாராத செய்தி வெளிப்பட்டது. பிக் நோய் (2018), குத்துச்சண்டை வீரர்கள் போலத் தலையில் மீண்டும் மீண்டும் அடிபடுவோருக்கு வரும் மூளைநோய் (2019), கார்டிகோபேசல் சிதைவு (2020) ஆகியவற்றிலும் அதே டௌ புரதமே இழையாகிறது. ஆனால் அதன் மடிப்பு நோய்க்கு நோய் வேறுபடுகிறது. ஒரே நோய் கொண்ட வெவ்வேறு நபர்களிடம் மடிப்பு ஒன்றாகவே உள்ளது. இதனால் 2021-இல் இந்நோய்களை இழையின் மடிப்பைக் கொண்டே வகைப்படுத்த முடிந்தது.

இதன் மற்றொரு விளைவு ஆய்வுக்கூடங்களுக்கு உவப்பானதன்று. சோதனைக் குழாயில் ஹெப்பாரின் சேர்த்து உண்டாக்கப்படும் டௌ இழைகளே பல ஆண்டுகளாக நோயின் மாதிரியாகப் பயன்பட்டு வந்தன. அவற்றின் மடிப்பு நோயுற்ற மூளையில் காணப்படும் எதனோடும் ஒத்ததாக இல்லை என்று 2019-இல் தெரிந்தது. அதாவது, மருந்து மூலக்கூறுகள் பொருந்துகின்றனவா என்று சோதிக்கப்பட்ட இலக்கே வேறாக இருந்திருக்கிறது. 2022-இல் ஆய்வகத்தினர், வேறு நிலைமைகளில் அல்சைமர் மடிப்பையே சோதனைக் குழாயில் பெறும் முறையை வெளியிட்டனர். மடிப்பு சரியானதா என்பதைச் சரிபார்க்க ஒவ்வொரு முறையும் கிரையோ நுண்ணோக்கியே தேவைப்பட்டது.

கன்போக்கல் நுண்ணோக்கி

உயிருள்ள அணுவைப் பார்க்க எதிர்மின்னி உதவாது. அங்கு ஒளியே துணை. சிட்னி பிரென்னரின் முயற்சியால் இந்த ஆய்வகத்தில் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் சிறு உருளைப்புழு ஆராயப்பட்டது. ஜான் வைட்டும் உடன் பணியாற்றியோரும் இப்புழுவின் 302 நரம்பணுக்களின் இணைப்புகளை, எதிர்மின்னி நுண்ணோக்கியில் சீவல் சீவலாகப் பார்த்து 1986-இல் வெளியிட்டனர்.

ஒளிர்சாயம் ஏற்றிய புழுக் கருக்களை ஒளி நுண்ணோக்கியில் பார்த்தபோது வைட்டுக்கு வேறொரு இடையூறு எழுந்தது. குவியத்தில் இல்லாத மேல், கீழ் அடுக்குகளின் ஒளியும் சேர்ந்து வந்து படத்தை மூடுபனி போல் மறைத்தது. குவியத்திலிருந்து வரும் ஒளியை மட்டும் ஒரு சிறு துளை வழியே விடும் கன்போக்கல் முறையை மார்வின் மின்ஸ்கி 1950களிலேயே கண்டுபிடித்திருந்தார். அக்கருவி மெதுவானது, மாதிரியையே அசைத்துப் படமெடுத்தது. வைட்டும் பிராட் ஏமாசும் மாதிரியை அசைக்காமல், லேசர் கற்றையை ஆடிகளால் அசைத்தனர். பிம்பத்தைப் பெரிதாக்கி நீண்ட பாதையில் செலுத்தியதால், நுண்துளைக்குப் பதிலாகக் கையால் திருப்பிச் சீர்செய்யக்கூடிய சாதாரணத் திறப்பையே பயன்படுத்த முடிந்தது. 1987-இல் மைக்கேல் ஃபோர்டமுடன் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, பழைய முறைப் படத்தையும் புதிய படத்தையும் அருகருகே காட்டியது. பயோ-ராட் நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டு வந்த பின்னர் உலகெங்கும் உயிரியல் ஆய்வுக்கூடங்களில் இக்கருவி பரவியது.

சிதைவுச் சிக்கல் இங்கும் உண்டு. லேசர் மாதிரியின் முழு ஆழத்தையும் ஒளியூட்டுகிறது. ஆனால் ஓர் அடுக்கின் ஒளி மட்டுமே பயன்படுகிறது. மற்ற அடுக்குகளில் சாயம் வீணே வெளுக்கிறது. பக்கவாட்டிலிருந்து ஓர் அடுக்கை மட்டும் ஒளியூட்டும் ஒளித்தாள் நுண்ணோக்கிகள் பின்னர் பரவியது இக்குறையைப் போக்கவே.

அணுவுக்குள்ளேயே காணல்

தூய்மையாகப் பிரித்தெடுத்த புரதத்தை அன்றி, அது இயங்கும் இடத்திலேயே காண்பதற்குக் கடுங்குளிர் எதிர்மின்னித் தளவரைவு முறை பயன்படுகிறது. மாதிரியை ஒரு பக்கம் சுமார் 60 பாகையிலிருந்து மறுபக்கம் 60 பாகை வரை சிறிது சிறிதாகச் சாய்த்துப் படங்கள் எடுத்து, அவற்றிலிருந்து முப்பரிமாண உருவம் கணக்கிடப்படுகிறது. அணு தடிமனானது ஆதலால், உறைந்த நிலையிலேயே அயனிக் கற்றையால் செதுக்கி 100 முதல் 200 நானோமீட்டர் தடிப்புள்ள ஏடாக்கப்படுகிறது. 2020-இல் ஜான் பிரிக்சின் குழு, செயலிழக்கச் செய்யப்பட்ட கொரோனாத் தீநுண்மங்களை இம்முறையில் படமெடுத்தது. ஒரு தீநுண்மத்தின் மீது சராசரியாக 24 அளவிலான கூர்ப்புரதங்கள் இருப்பதையும், அவை விறைத்து நிற்காமல் பல திசைகளிலும் சாய்வதையும் அப்படங்கள் காட்டின.

விலையும் வாய்ப்பும்

டைட்டன் கிரியோஸ் வகைக் கருவி ஒன்றின் விலை ஏறத்தாழ 50 இலட்சம் பவுண்டு. அதற்குரிய அறை, பராமரிப்பு, திரவ நைட்ரசன், தரவுச் சேமிப்பு ஆகியவை தனி. எனவே பல நாடுகளில் இக்கருவிகள் பொது வசதிகளாக அமைக்கப்பட்டுள்ளன. ஐக்கிய இராச்சியத்தில் ஹார்வெல்லில் உள்ள டயமண்ட் ஒளி மூலத்தில் 2010களின் நடுவில் தேசிய வசதி ஒன்று தொடங்கப்பட்டது. இந்தியாவில் பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் நடுவத்தில் 2010களின் பிற்பகுதியில் கிரியோஸ் கருவியுடன் தேசியக் கிரையோ நுண்ணோக்கி வசதி அமைந்தது. கேம்பிரிட்ஜில் ஹெண்டர்சனுடன் பணியாற்றிய கே. ஆர். வினோத்குமார் அங்கு ஆய்வுக்குழு நடத்துகிறார்.

பொது வசதியில் உள்ள குறை, காத்திருத்தல். மேலே கூறியபடி, கடினமான பகுதி நல்ல பனியைப் பெறுவதே. வலை நன்றாக அமைந்ததா என்பதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அருகில் கருவி உள்ளவர் அன்றே திருத்திக் கொள்கிறார். இல்லாதவர் அடுத்த வாய்ப்புக்காக வாரக்கணக்கில் காத்திருக்கிறார்.

இந்நிலையை மாற்ற ஹெண்டர்சனும் ரூசோவும் முன்வைத்த வழி, மின்னழுத்தத்தைக் குறைப்பது. மெல்லிய மாதிரிகளில், ஒரே அளவு சிதைவுக்கு 100 கிலோவோல்ட் எதிர்மின்னிகள் 300 கிலோவோல்ட் எதிர்மின்னிகளை விட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதல் செய்தியைத் தருகின்றன என்று அவர்கள் மத்தேயு பீட்டுடன் 2019-இல் அளந்து காட்டினர். குறைந்த மின்னழுத்தக் கருவி சிறியது, மலிவானது. உயர் மின்னழுத்தக் கருவிகளில் மின்காப்புக்காக நிரப்பப்படும் கந்தக அறுபுளோரைடு வளியும் அதற்குத் தேவையில்லை. அவ்வளி புவியை வெப்பமாக்கும் வளிகளுள் மிகக் கடுமையானது. மலிவான வழியே இயற்பியல் நோக்கிலும் சிறந்த வழியாக இருந்தும் இவ்வளவு காலம் அது கைக்கொள்ளப்படாததற்கு முதன்மைக் காரணம், 100 கிலோவோல்ட்டில் நன்கு இயங்கும் உணர்கருவி இல்லாமையே. எதிர்மின்னி எக்ஸ்ரே உணர்கருவித் துறையிலிருந்து வந்த வேறு வகைச் சில்லுகள் அக்குறையைப் போக்கத் தொடங்கின.

2023-இல் ஆய்வகத்தினர் இதற்கெனவே வடிவமைத்த 100 கிலோவோல்ட் நுண்ணோக்கியால் 11 வெவ்வேறு மாதிரிகளின் அமைப்பைக் கண்டறிந்து வெளியிட்டனர். ஒவ்வொன்றுக்கும் சில மணி நேரத் தரவே போதுமானதாக இருந்தது. தடித்த மாதிரிகளை, குறிப்பாக அணுவின் செதுக்கிய ஏடுகளைக் காண்பதற்கு 300 கிலோவோல்ட் கருவிகளே தொடர்ந்து பயன்படுகின்றன. குறைந்த வேக எதிர்மின்னிகள் தடித்த பனியில் ஒரு முறைக்கு மேல் சிதறி விடுவதே இதற்குக் காரணம்.